மெழுகுவர்த்திக்கு அணையும் விளக்கு

இல்ல தம்பி, நீங்க உக்காருங்க. எனக்கு இருப்புக் கொள்ளாது. அந்த மைல்கல்லுல துண்டை விரிச்சு உக்காருங்க, நான் இப்படியே நடந்துக்கிட்டு இருக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. கண்டக்டரைக் கேட்டா அடுத்த வண்டி வருது, வருதுங்கான். தென்திருப்பேரை தாண்டி வாழைத்தோட்டத்துக்கு நடுவுல வண்டி ரிப்பேர்னு கொண்டாந்து நிறுத்திட்டு, வருதாம். எங்க வருது? பொழுதைப் பாருங்க, சாஞ்சுக்கிட்டே போவுது. இருட்டுறதுக்குள்ள நான் ஊர் போய்ச் சேரணும். இருட்டுனப் பொறவு போயி என்னத்துக்கு?

என்ன அவசரமா? ஒரு வெளக்கு வைக்கணும். எம் பொண்டாட்டி கல்லறையில. பஸ்ஸுக்குள்ள இந்தப் பை செவப்பா எரிஞ்சுதே, பாத்தீங்கல்லா? முன் சீட்டு அம்மா என்னமோ வெடிக்கப் போவுதுன்னு எந்திரிச்சே போயிட்டாவ. அது இதுதான். பைக்குள்ள இருட்டா இருக்கவும் ராத்திரி ஆயிட்டுன்னு நெனச்சு எரிய ஆரம்பிச்சிட்டு. நான் சுச்சை அணைக்க மறந்துட்டேன்.

பூந்தோட்டத்துல குத்தி வைக்காவல்லா, சோலார் வெளக்கு, அதுதான். மேல இந்தக் கருப்புத் தகடு பகல் பூரா வெயில் குடிச்சு, உள்ள இருக்க பேட்டரிச் செல்லுல சேத்து வைக்கும். இருட்டுனா தன்னால எரியும். இருட்டுனது அதுக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. தனியா ஒரு கண்ணும் கெடையாது. இந்தத் தகடுதான் கண்ணு. தகட்டுல வெளிச்சம் பட்டா விடிஞ்சிட்டுன்னு அணைஞ்சிரும், படலன்னா எரியும். உள்ள ஒரு செல்லு, நாலு கால் வச்ச ஒரு சிப்பு, காயிலுன்னு குட்டியா ஒரு கம்பிச்சுருளு, ஒரு எல்இடி. அம்புட்டுதான். மொதல்ல திறந்து பாத்தப்ப எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இந்தச் சுண்டைக்காயா என்னை இத்தனை மாசம் ஆட்டி வைக்கப் போவுதுன்னு யாரு கண்டா?

எம்பேரு மிக்கேல். திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் கடற்கரையில எங்க ஊரு. ரேடியோ மிக்கேல்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வீடு காட்டும். ரேடியோ போயி டிவி வந்து, டிவி ரிப்பேரும் போயிட்டு. பேரு மட்டும் போகல.

ரெஜினாள் போயி வார ஈஸ்டருக்கு ஒரு வருசம். மஞ்சக்காமாலை. படுத்தா, ஒரு வாரத்துல போயிட்டா. ஆரம்பத்துல கல்லறையில மெழுகுவத்திதான் ஏத்துனேன். எங்க ஊர்க் கடக்காத்துக்கு அது நிக்குமா? ஏத்த ஏத்த அணையும். ஊருக்கே கரண்டு வேலை பாத்தவன் பொண்டாட்டி கல்லறையில தீக்குச்சி உரசிக்கிட்டு நிக்கான்னு நாலு பேரு பாக்க எனக்குக் கேவலமா இருந்துச்சு. அதான் திருநவேலியில போயி இதை வாங்கினேன். குச்சியோட நட்டு வச்சா பிள்ளைங்க பிடுங்கிட்டுப் போயிரும்னு குச்சியை வெட்டிட்டேன். தலையை மட்டும் கல்லறையை மூடுன பலகைக்கல்லு மேல, சிலுவைக்குப் பின்னால, காத்துப் படாத மூலையில ஒட்டி வச்சேன். அன்னைக்கு நல்லா எரிஞ்சுது. வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் கிளாடிஸ் டீச்சர் கோயில் வாசல்ல வச்சுக் கேக்காவ, “மிக்கேல் அண்ணே, அக்கா கல்லறையில லைட்டு எரியலியே.” டீச்சர் வீட்டுக்காரரு கல்லறை நம்ம கல்லறைக்கு அடுத்தது. தினமும் செபமாலை முடிஞ்சு அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவாவ. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. எரிய ஆரம்பிக்கதைப் பாத்துட்டுத்தான நான் தினம் வீட்டுக்கு வாரேன்? எடுத்துட்டு வந்து மொட்டைமாடியில வச்சேன். விடிய விடிய எரியுது. கொண்டு போயி மறுபடி கல்லறையில வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு டீச்சர், “நேத்தும் எரியலண்ணே.”

இங்க எரியுது, அங்க எரியல. ஒரு ரிப்பேர்க்காரனுக்கு இதை விட வேற தண்டனை வேண்டாம். செல்லு சரியில்லன்னு புதுசு போட்டேன். ம்ஹூம். காயிலை மாத்தினேன். அதுல ஒரு விசயம் இருக்கு பாத்துக்கிடுங்க. காயில் மதிப்பைக் குறைச்சா வெளிச்சம் கூடும், ஆனா செல்லு சீக்கிரம் தீந்துரும். கூட்டினா மங்கலா எரியும், ஆனா விடியுற வரைக்கும் நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு பிடிக்கணும். அதுக்காக எத்தனை வெளக்கை வாங்கிப் பிரிச்சேன்னு கேக்காதீங்க. ரெண்டு செல்லு போட்டா என்னன்னு ஒருநாள் ஆசைப்பட்டேன், சிப்பு செத்துப் போச்சு. வெள்ளை எல்இடியை எடுத்துட்டுச் செவப்பு போட்டேன். செவப்புக்குக் கொஞ்சம் கரண்டு போதும், தூரத்துலயும் தனியாத் தெரியும். சாப்பாட்டு மேசை பூரா இதுதான். ஒருநாள் ரசத்துக்குள்ள ஒரு காயிலு கெடக்கு. நல்லவேளை, பல்லுல பட்டுது.

எங்கொழுந்தியா வந்து பாத்துட்டு, “அத்தான், அக்கா போனதுல இருந்து ஒங்களுக்கு மனசு சரியில்ல”ன்னா. எனக்கு மனசெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னேன். சர்க்யூட்டுதான் சரியில்ல.

அது வண்டிச் சத்தமா? இல்ல, டிராக்டரு.

எங்க விட்டேன்? ஆங், மெழுகு. பலகைக்கல்லுல, வெளக்குக்கு ஒட்டுனாப்புல, மெழுகு கட்டி கட்டியாக் கெடந்துச்சு. யாரோ மெழுகுவத்தி ஏத்துறாவ. பிளேடை வச்சுச் சொரண்டுவேன், ரெண்டு மூணு நாள்ல மறுபடி இருக்கும். சொரண்டச் சொரண்ட வரும். அந்த ஆளை மனசுக்குள்ள நல்லா ஏசுவேன். அப்பவும் எனக்குப் புத்தியில ஏறல பாருங்க. ஒருநாள் வீட்டுல கரண்டு போச்சு. மேசையில வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. காயிலைத் தேட வெளிச்சம் போதலன்னு பக்கத்துல ஒரு மெழுகுவத்தியைப் பத்த வச்சேன். பட்டுன்னு வெளக்கு அணைஞ்சிட்டு. மெழுகுவத்தியை ஊதினேன், எரிஞ்சிட்டு. மறுபடி ஏத்தினேன், அணைஞ்சிட்டு. தலையில அடிச்சுக்கிட்டேன் தம்பி. தகடு மெழுகுவத்தியைப் பாத்து விடிஞ்சிட்டுன்னு நெனச்சுக்கிடுது. சர்க்யூட்டுல ஒரு குத்தமும் இல்ல. அங்க காத்துக்கு ஒதுக்கம்னா சிலுவைக்குப் பின்னால அந்த ஒரு மூலைதான். வெளக்கும் அங்கதான், எவனோ ஏத்துற மெழுகுவத்தியும் அங்கதான்.

விடுவேனா? தகட்டுக்குக் குறுக்க ஒரு ரெசிஸ்டரைப் போட்டேன். கண்ணைக் கொஞ்சம் மந்தமாக்குத வேலை. இனி நல்ல வெளிச்சம் வந்தாத்தான் அணையும், மெழுகுவத்திக்கெல்லாம் மசியாது. கொண்டு போயி வச்சேன். டீச்சரே சொன்னாவ, “இப்ப எரியுதண்ணே.” அதோட விட்டிருக்கலாம். ஆனா இத்தனை நாள் என்னை அலைய விட்ட ஆளை ஒரு வார்த்தை கேக்கணும்லா?

டீச்சரைத்தான் கேட்டேன். “டீச்சர், ஒங்க மெழுகுவத்தியை ஒங்க கல்லறையில ஏத்திக்கிட்டா என்ன?”ன்னு. கோயில் வாசல்ல, நாலு பேரு நிக்கும்போது. டீச்சருக்கு மொகம் செவந்துட்டு. “நான் ஏத்துறது ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்தான், அதுவும் எங்க அவுகளுக்கு”ன்னாவ. அப்ப யாருன்னேன். குரலைத் தாழ்த்திக்கிட்டு, “அண்ணே, ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா? ஜெர்சன் வாரான். நீங்க வீட்டுக்குப் போன பொறவு பைக்குல வந்து ஏத்திட்டுப் போறான். ஊருக்கே தெரியுமே”ன்னாவ.

ஜெர்சன் எம் மகன். ஒரே மகன். பேச்சு வார்த்தை கெடையாது.

என்ன சண்டையா? சண்டையே இல்ல தம்பி, அதைத்தான் சொல்லுதேன். ரெஜினாள் போனப்ப அவன் தங்கு கடல் போயிருந்தான். கொச்சியில இருந்து போற போட்டு, போனா பத்து நாளு பதினஞ்சு நாளு கழிச்சுத்தான் கரை. நடுக்கடல்ல டவர் ஏது? போட்டு மொதலாளிக்குச் சொன்னோம். அவரு வயர்லெஸ்ல தகவல் குடுத்துட்டு, திருப்பியாச்சு, நாளைக்குள்ள வந்துருவான்னாரு. நாளைக்குள்ளன்னா என்ன அர்த்தம்? காலையிலயா, ராத்திரியா? நான் அன்னைக்குச் சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டேன். எல்லாரும் வச்சிருக்க வேண்டாம்னுதான் சொன்னாவ. என்னா வெயிலு. ஐஸ் பெட்டி கேட்டோம், இருந்தது வேற வீட்டுக்குப் போயிட்டு. பங்குச் சாமியாருக்கு மறுநாள் தூத்துக்குடியில ஏதோ கூட்டம். நான் என்ன செய்ய? என் எடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க, சொல்லுங்க.

மறுநாள் மத்தியானம் வந்தான். பையைக்கூட எறக்கி வைக்காம நேரா கல்லறைக்குப் போனான். மண்ணு ஈரம் காயல. வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். “ஒரு ராத்திரி வச்சிருக்கக் கூடாதாப்பா?” நான் காரணத்தைச் சொன்னேன். வெயிலைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன், சாமியாரைச் சொன்னேன். எல்லாம் நெசம்தான், ஒண்ணும் பொய் கெடையாது. கேட்டுக்கிட்டே நின்னான். நான் சொல்லி முடிக்கதுக்குள்ள போயிட்டான். இப்ப பொஞ்சாதி ஊரு ஆறுமுகநேரியில இருக்கான். கடலுக்கே போறதில்ல, அங்கன ஒரு கம்பெனியில வேலை. நான் கேக்கேன், உள்ளதைச் சொன்னது ஒரு குத்தமா?

டீச்சர் சொன்ன மறுநாள், நான் வீட்டுக்குப் போற மாதிரி போயிட்டு, திரும்பி வந்து கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கிட்ட நின்னேன். வந்தான். மெலிஞ்சிருந்தான். மெழுகுவத்தியை அந்த மூலையில வச்சு ஏத்திட்டு, பலகைக்கல்லுலயே உக்காந்துட்டான். வாயி அசையுது. அம்மாகிட்ட என்னமோ சொல்லிக்கிட்டு இருக்கான். அப்புறம் சட்டை நுனியை எடுத்து வெளக்கைத் தொடச்சான் தம்பி. எங்க ஊர்க் காத்துல தகட்டு மேல உப்பு படியும். நான் வாராவாரம் தொடைக்கணும்னு நெனப்பேன், போயிப் பாத்தா சுத்தமா இருக்கும். இவன்தான் தொடச்சிருக்கான். அப்பன்கிட்டப் பேச்சு இல்ல, அப்பன் வச்ச வெளக்கைத் தொடைக்கான். உள்ள போயிருக்கலாம். போகல. அவன் அவன் அம்மாவைப் பாக்க வந்திருக்கான், நடுவுல நான் எதுக்கு?

மறுநாள் அந்த ரெசிஸ்டரை எடுத்துட்டேன்.

ஆமா, எடுத்துட்டேன். எடுத்தது மட்டும் இல்ல, இன்னும் பெரிய தகடா ஒண்ணு போட்டேன். ஒத்த மெழுகுவத்தி பக்கத்துல எரிஞ்சாலும் அணையணும். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. எங்க மாடியில இருந்து பாத்தா கல்லறைத் தோட்டம் தெரியும். மெழுகுவத்தி எந்தக் கல்லறையிலயும் எரியும், தூரத்துல எது யாருதுன்னு கண்டுக்கிட முடியாது. செவப்பு நம்மது மட்டும்தான். செவப்பு அணைஞ்சிட்டா பய வந்துட்டான். மெழுகுவத்தி தீந்து செவப்பு திரும்ப எரிஞ்சா, போயிட்டான். அவனைப் பாக்கணும்னெல்லாம் இல்ல. சர்க்யூட்டு வேலை செய்யுதான்னு பாக்கத்தான் நிக்கேன். வாரத்துல மூணு நாளு நாலு நாளு அணையும். அணைஞ்ச அன்னைக்கு நல்லாத் தூக்கம் வரும்.

இப்ப என்ன கோளாறுன்னா, ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, அணையவே மாட்டேங்குது. தெனம் மாடியில நிக்கேன். நின்னு நின்னு முட்டி வலிக்கு. அது பாட்டுக்குச் செவப்பா முழிச்சுக்கிட்டுக் கெடக்கு. தகட்டுல இருந்து வார வயரை உப்பு அரிச்சிருக்கும்னு மாத்தினேன், அப்பவும் அணையல. சிப்பை மாத்தினேன், அணையல. இன்னைக்குக் காலையில திருநவேலிக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரன் உள்ளங்கையால மூடினான், எரிஞ்சுது. கையை எடுத்தான், அணைஞ்சுது. “நல்லாத்தான இருக்கு பெரியவரே, எல்லாரும் எரியலன்னு கொண்டு வருவாவ, நீங்க அணையலன்னு கொண்டு வாரீங்க”ன்னு சிரிக்கான். அது ட்யூப்லைட் வெளிச்சம். மெழுகுவத்திக்கு அணையுமான்னு அவன் பாத்தானா? அவனுக்கு என்ன தெரியும்? அதான் ஒரு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கிட்டு வாரேன், கல்லறையிலயே வச்சுப் பாத்துருவோம்னு.

என்ன கேக்கீங்க? கல்லுல புதுசா மெழுகு கெடந்துதான்னா?

கெடக்கல. வெயிலுல உருகி ஓடியிருக்கும். பகல்ல கல்லு என்னா சூடு கொதிக்குது தெரியுமா?

இதுக்கு முந்தி ஏன் ஓடலன்னா... முந்தி ஓடல.

இருட்டிட்டு தம்பி. இனி எங்க போயி வைக்க? வண்டியைக் காணோம். சரி, இங்கனயே பாத்துருவோம். நீங்க கொஞ்சம் இறங்கி உக்காருங்க, மைல்கல்லு மேல வைக்கேன். சுச்சைப் போடுதேன். பாருங்க, எரியுது. மெழுகுவத்தியைப் பத்த வைக்கேன், துண்டைக் காத்துக்கு மறைச்சுப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். ஆங், பிடிச்சிட்டு.

அணைஞ்சிட்டு.

இருங்க, ஊதுதேன். எரியுது. மறுபடி ஏத்துதேன். அணையுது. நீங்க பிடிங்க மெழுகுவத்தியை, நான் பிடிக்கதுல கை நிழலு விழுதோ என்னவோ. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. இன்னும் தள்ளி. அணைஞ்சுதான் இருக்கு. அங்க இருந்தே அணையுது.

நல்லாத்தான் இருக்கு. கடைக்காரன் சொன்னது சரிதான். ஒரு கோளாறும் இல்ல.

அப்ப அவன் வரலியா?

தம்பி, ஒங்க போனைக் கொஞ்சம் தாரீங்களா? என்கிட்டயும் இருக்கு. என் நம்பரைப் பாத்தா அவன் எடுக்க மாட்டான்.

எத்தனை தடவை போட்டும் எடுக்கலியான்னா?

போட்டதில்ல. ஒரு தடவையும் போட்டதில்ல. போட்டு, எடுக்கலன்னா என்ன செய்ய, சொல்லுங்க. அதான் போடல.

குடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம். நீங்களே அமுக்குங்க, நான் சொல்லுதேன். ஆங். அடிக்குது.

அலோ. ஜெர்சன் இருக்கானாம்மா? நானா? நான் வெளக்குக் கடையில இருந்து பேசுதேன். ஆமா, வெளக்குக் கடைதான், திருநவேலி. அவரு ஒரு வெளக்கு விசயமா...

மருமகதான். மாமாவான்னு கேக்கா தம்பி.

ஆமாம்மா வினோலியா. மாமாதான். வச்சிராத. வெளக்கு விசயமாத்தான் போட்டேன். ஒரு வாரமா அணையல. அதாவது, அவன் வந்தா அது அணையும், அதான் என்னன்னு... என்னது? எப்ப இருந்து? ரத்தம் பாத்தீங்களா? டெங்குவா? ஆஸ்பத்திரியில எத்தனை நாளு வச்சிருந்தாவ? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூ... இல்ல. இல்லம்மா, நீ என்ன செய்வ. நான் கேக்கல. நான்தான் கேக்கவே இல்ல.

சோறு எறங்குதா? கஞ்சியாவது குடிக்கானா? எழுப்பாத, தூங்கட்டும். வினோலியா, நான் வாரேன். இப்பவே வாரேன். வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிருதேன், உள்ளகூட வரல. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. முழிச்சுத்தான் இருக்கானா? சரி, கேளு. நான் வச்சிர மாட்டேன், இருக்கேன்.

கேக்கப் போயிருக்கா.

என்ன சொன்னான்? அப்படியா சொன்னான்? சரிம்மா. சரி. சரி.

இந்தாங்க போனு. எப்படி வருவாரு, நேரமாயிட்டே, பஸ்ஸு இருக்கான்னு கேட்டானாம். அம்புட்டுதான் கேட்டானாம்.

அந்தா வண்டி வந்துட்டு. ஏ கண்டக்டரு, எனக்குத் திருச்செந்தூர் வேண்டாம்ப்பா, குரும்பூர்ல எறக்கி விட்டுரு, அங்க இருந்து ஆறுமுகநேரிக்கு ஆட்டோ பிடிச்சிருவேன். ரெஜினாள் இன்னைக்கு ஒருநாள் இருட்டுல கெடக்கட்டும், அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. வெளக்கா தம்பி? நீங்களே சுச்சை அணைச்சுப் பையில போட்டுக் குடுங்க. பாத்துப் பிடிக்கணும்னு ஒண்ணும் இல்ல. வெளக்கு நல்லாத்தான் இருக்கு. எம் மகனுக்குத்தான் காய்ச்சல்.